ஏழாவது எதிரொலி

ஐந்தாவது தடவையாக அந்தப் பச்சைப் பெட்டி மேஜைக்கு வந்தபோது ஈயம் தலையைத் தூக்கவில்லை. யாருடையதோ ஒரு ரேடியோவின் வயிற்றுக்குள் மூக்கை நுழைத்தபடியே, "இப்ப என்னவாம் அத்தான் அதுக்கு?" என்று கேட்டான்.

"அதேதான். மங்கலா இருக்கு."

"போன தடவையும் மங்கல்னுதான் சொன்னீங்க."

"போன தடவையும் மங்கலாத்தானே இருந்துச்சு?"

பற்றவைக்கும் கோலை அதன் தாங்கியில் செருகிவிட்டு, ஈயம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். எரிச்சல் வரும்போது கண்ணாடி துடைப்பது அவன் பழக்கம். இந்தப் பத்து மாதங்களில் இருந்த அளவுக்கு அவன் கண்ணாடி எப்போதும் சுத்தமாக இருந்ததில்லை.

ஈயம் என்பது பட்டப்பெயர். எந்நேரமும் ஈயம் உருகும் வாசனையோடு திரிவதால் தெருவில் யாரோ வைத்தது. அவன் மனைவியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் சமையலறை. ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு, மைக், பாட்டுக்காரர்கள் காலால் மிதிக்கிற பெட்டிகள் என்று சத்தம் போடுகிற எதையும் அவன் பழுது பார்ப்பான். சத்தம் போடாத ஒரு பொருளுக்குச் சத்தம் வரவைப்பதில் அவனுக்கு எந்தச் சிரமமும் இல்லை. நன்றாகச் சத்தம் போடுகிற ஒரு பொருளைச் 'சரியில்லை' என்று சொல்கிறவரைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதுவும் அவர் அக்காள் புருஷனாக இருந்துவிட்டால்.

"செருகு, செருகு. நானே வாசிச்சுக் காட்றேன்" என்றபடி அத்தான் உறையிலிருந்து கிதாரை எடுத்தார். உயரமான மனிதர். முன்னறையின் ஒற்றை நாற்காலியில் அவர் உட்கார்ந்தால் முழங்கால் மேஜையில் இடிக்கும்.

டிலே பெடல் என்பார்கள் அந்தப் பெட்டியை. கிதாரில் ஒரு தட்டுத் தட்டினால் அந்தச் சத்தத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, அரை நொடி கழித்துத் திருப்பிக் கொடுக்கும். பிறகு மறுபடி, கொஞ்சம் தணிந்து. பிறகு இன்னும் தணிந்து. டிஜிட்டல் டிலேக்கு உயிர் கிடையாது, கண்ணாடியில் முட்டிய மாதிரி திரும்பி வரும் என்பது பாட்டுக்காரர்கள் மத்தியில் பொதுப்பேச்சு. இது மட்டும் அப்படி இல்லை என்று அத்தான் பதினைந்து வருடமாகச் சாதித்து வந்தார். "ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் களைச்சுப்போய்த் திரும்பி வரும் மாப்ள. வேலைக்குப் போயிட்டு வர்ற ஆள் மாதிரி." சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியின் மூன்று திருகுகளிலும் அவர் வெள்ளை மையால் சின்னக் கோடு போட்டு வைத்திருந்தார். அவருடைய நிலை அது. அந்தக் கோட்டில் வைத்தால் ஏழு தடவை திரும்பி வரும். ஆறும் கிடையாது, எட்டும் கிடையாது.

இப்போது திருகுகள் மூன்றும் கோட்டைத் தாண்டி வலதுபக்கம் வெகுதூரம் போயிருந்தன.

அத்தான் ஒரு தட்டுத் தட்டினார். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஊசி மாதிரி ஒரு சத்தம் கிளம்பிச் சுவரில் தைத்தது. திரும்ப ஒரு ஊசி. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு" என்று அத்தான் எண்ணினார். நிறுத்திவிட்டு ஈயத்தைப் பார்த்தார். "அவ்வளவுதான். மிச்சம் எங்க?"

ஐந்தாவதும் ஆறாவதும் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. பதினொன்று வரை ஈயம் எண்ணினான்.

"அத்தான், வருதே!"

"எங்க வருது?"

"இந்தா, இப்பக்கூட வந்துச்சே!"

"உனக்கு வேலை முடிஞ்சாப் போதும், வருதுன்னு சொல்லிடுவ."

திரைக்குப் பின்னாலிருந்து ஈயத்தின் மனைவி குரல் கொடுத்தாள். "அண்ணா, வாங்க. அந்தச் சனியனைக் கொஞ்சம் மெதுவா வைக்கச் சொல்லுங்க உங்க மச்சானை. பல்லு கூசுது."

"என்னம்மா சொல்ற?" என்று அத்தான் திரையைப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல, டீ போடறா" என்றான் ஈயம்.

"உள்ளதைச் சொல்லட்டுமா மாப்ள?" அத்தான் முன்னால் குனிந்தார். "நீ திறக்கறதுக்கு முன்னாடி இது நல்லாத்தான் இருந்துச்சு. நீ என்னிக்குக் கை வெச்சியோ, அன்னிக்குப் போச்சு இதோட சத்தம்."

எல்லா ரிப்பேர்க்காரர்களும் வாழ்க்கையில் நூறு தடவையாவது கேட்டிருக்கும் வாக்கியம் அது. நூறு தடவை கேட்டிருந்தாலும் நூற்றி ஒன்றாவது தடவை சுடும். ஈயம் கண்ணாடியைத் தேடினான். அது முகத்திலேயே இருந்தது. கழற்றித் துடைத்தான்.

"வெச்சுட்டுப் போங்க. நாளைக்கு வாங்க."

"நாளான்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஏரிக்கரை ஹோட்டல்ல மதியம் வாசிக்கணும். ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு அத்தான். வாராவாரம் ஞாயித்துக்கிழமை வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

அவர் டீயைக் குடித்துவிட்டு, கிதாரை அங்கேயே சாய்த்துவைத்துவிட்டுப் போனார். வெளியே சிணுங்கல் மழை. தகரக் கூரைமேல் அது விழும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான் ஈயம். அந்தச் சத்தத்தின்மேல் யாருக்கும் புகார் இல்லை.

எந்தப் பொருள் வந்தாலும் அதற்கொரு அட்டை போடுவது அவன் வழக்கம். வந்த தேதி, சொன்ன குறை, கண்ட குறை, செய்த வேலை. கழற்றிய பழைய பாகத்தை ஒரு சின்னக் கவரில் போட்டு அட்டையோடு பின் அடித்துவிடுவான். 'நல்ல பார்ட்டை எடுத்துட்டியா?' என்று நாளை யாரும் கேட்கக்கூடாது.

பச்சைப் பெட்டியின் அட்டையை எடுத்தான். முதல் தடவை உண்மையான பழுது. மேடையில் பாதிப் பாட்டில் பெட்டி செத்துப்போனது. மிதிக்கிற சுவிட்ச் தேய்ந்திருந்தது. மாற்றினான். அன்றிலிருந்து இன்றுவரை பெட்டி ஒருமுறைகூட நின்றதில்லை. ஆனால் அத்தான் இரண்டே மாதத்தில் திரும்பி வந்தார். 'சத்தம் போச்சு.' ஈயம் எல்லாவற்றையும் அளந்து பார்த்தான், எதுவும் போகவில்லை. உள்ளே ஒன்றும் செய்யாமல், வெளியே நன்றாகத் துடைத்து, ஒரு திருகு மூடியை மட்டும் புதிதாக மாட்டிக் கொடுத்தான். அத்தான் வாசித்துப் பார்த்துவிட்டு, "இதுதான் மாப்ள! இதைத்தான் சொன்னேன்!" என்று அவன் தோளைத் தட்டினார். அன்று மதியம் ஈயமும் மனைவியும் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "ஒரு மூடிக்கு உங்க அத்தான் டோன் திரும்பி வந்துடுச்சே! எனக்கும் ஒரு மூடி மாட்டுங்க, இடுப்புவலி போகுதான்னு பார்ப்போம்" என்றாள் அவள்.

அந்தச் சிரிப்புதான் தப்பாகப் போயிற்று. அதற்குப் பிறகு அத்தான் சொன்ன எதையும் ஈயம் நம்பவில்லை. எல்லாம் மனப்பிரமை என்று முடிவு கட்டிவிட்டான்.

மூன்றாவது தடவை அவர் வந்தபோது வாதம் செய்யத் தெம்பில்லை. திரும்பி வரும் சத்தத்தின் கூர்மையை மழுக்குவதற்காகவே பெட்டிக்குள் அரிசி அளவில் ஒரு கபாசிட்டர் உண்டு. களைத்துப்போய்த் திரும்பி வருவது அதனால்தான். அதைவிட எண் குறைவான ஒன்றைப் போட்டால் சத்தம் கூர்மையாகும். பத்து இருந்த இடத்தில் நாலு புள்ளி ஏழு போட்டான். அத்தானுக்குத் திருப்தி. நான்காவது தடவை அதையும் எடுத்துவிட்டு இரண்டு புள்ளி இரண்டு. சோதித்தபோது அவன் காதே கூசியது. ஆனால் கேட்டவர் அவர். பாட்டுக்காரர்களின் காது வேறு மாதிரி என்று சொல்லிக்கொண்டான்.

மதியம், முட்டை பொரித்துச் சாப்பிட்டுக் கைகழுவும்போது வாசலில் வண்டி நின்றது. டிரம்மர் உள்ளே வந்தார். அத்தான் இருபது வருடமாக வாசிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். மழையில் நனைந்த தலையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே நின்றார். உட்காரவில்லை.

"உங்க அத்தான் பெடலை என்னதான் பண்ணீங்க?"

"ஏன், நின்னு போச்சா?"

"நின்னு போனாத் தேவலைங்க. போன வாரம் முன்வரிசையில சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க ஸ்பூனைக் கீழ வெச்சுட்டுக் காதைப் பொத்திக்கிட்டாங்க. ஒரு கைக்குழந்தை அலறிடுச்சு. ஹோட்டல் மேனேஜர் என்கிட்ட வந்து, 'யாரு சார் அது, தகரத்துல ஆணி இழுக்கறது?'ன்னு கேக்கறாரு. நான் இவர்கிட்டப் போய்க் குறைக்கச் சொன்னா, 'ஏற்கனவே மங்கலா இருக்கு, இன்னும் எப்படிக் குறைக்கிறது'ன்னு என்மேலயே எரிஞ்சு விழறாரு."

"உங்ககிட்டயும் மங்கல்னுதான் சொன்னாரா?"

"எல்லார்கிட்டயும் அதான் சொல்றாரு. ஒலிபெருக்கி மங்கல், மைக் மங்கல், பாடற பொண்ணு வாயைத் திறந்து பாட மாட்டேங்குது. எல்லாரும் சேர்ந்து இவருக்கு எதிரா மங்கலாயிட்டோம்." டிரம்மர் கைக்குட்டையைப் பிழிந்தார். "எனக்கும் மனசு கேக்கலை. இருபது வருஷம். ஆனா மேனேஜர் சொல்லிட்டாரு. இந்த ஞாயிறும் அப்படியே இருந்துச்சுன்னா வேற கிதார் ஆளைப் போடணும், இல்லைன்னா குழுவையே மாத்திடுவாங்க. அவர்கிட்ட இதை எப்படிச் சொல்றது? நீங்க பெட்டியையாவது சரி பண்ணிக் குடுங்க."

அவர் போன பிறகு ஈயம் மேஜை முன்னால் உட்கார்ந்தான். அட்டை அப்படியே கிடந்தது. அவன் கையெழுத்து. பத்து. நாலு புள்ளி ஏழு. இரண்டு புள்ளி இரண்டு. இன்றைக்கு அத்தான் கேட்டதைச் செய்திருந்தால் அடுத்து ஒன்று எழுதியிருப்பான்.

பெட்டியின் கணக்கு என்றுதான் பத்து மாதமாக அதை எழுதி வந்தான். இப்போது பார்த்தால் அது பெட்டியைப் பற்றியதே இல்லை.

மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்துகொண்டிருந்தது. மனைவி திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையை மூடினாள்.

பிறகு அக்காவுக்கு ஃபோன் செய்தான்.

"அக்கா, அத்தான் இருக்காரா?"

"இருக்காரு. டிவி ஊரைக் கூட்டிக்கிட்டு இருக்கு, கேக்கலையா உனக்கு? எடுத்துக் குடுக்கச் சொல்றியா? என்னால முடியாது. மூணு நாளா நான் அந்த ஆளோட பேசறதில்ல."

"ஏன், என்னாச்சு?"

"என்னாச்சா? செவ்வாய்க்கிழமை குளிக்கற அறையில வழுக்கி விழுந்துட்டேன்டா. விழுந்த இடத்துலயிருந்து எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? பக்கத்து அறையிலதான் உக்காந்திருந்தாரு. கிதாருக்குக் கம்பி மாத்திக்கிட்டு. நானா எழுந்து, நொண்டிக்கிட்டு வந்து நிக்கறேன், நிமிர்ந்து பார்த்துட்டு 'டீ ஆச்சா'ன்னு கேக்கறாரு. இருபத்திரெண்டு வருஷம் குப்பை கொட்டினதுக்கு இதான் மரியாதை!"

"அக்கா..."

"நான் பேசற எதையும் காதுல வாங்கறதில்ல. ஃப்ரிட்ஜ் கதவு சரியா மூடலைன்னா பீப் பீப்னு கத்துமே, வீட்டுல இருக்கற எல்லாருக்கும் கத்தும், அவருக்கு மட்டும் கத்தாது. குக்கர் விசில் அடிச்சா அவருக்கு என்ன வந்துச்சு, நான் ஓடணும். அலட்சியம்டா. சுத்த அலட்சியம்."

"அக்கா, அது அலட்சியமா இருக்காது."

"நீ உன் அத்தானுக்கு வக்காலத்து வாங்காத."

"டிவி எப்பலேர்ந்து இப்படிச் சத்தமா வைக்கறாரு?"

அக்கா ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள். மறுமுனையில் டிவியில் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கைதட்டல் முடிந்து, விளம்பரம் வந்து, அதுவும் முடிந்தது. ஈயம் காத்திருந்தான்.

"கதவைத் தட்டினாக் கேக்குது அவருக்கு" என்றாள் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "இடி இடிச்சாக் கேக்குது. நான் கூப்பிட்டாத்தான் கேக்கலை."

"கூர்மையான மேல்சத்தமெல்லாம் போயிருக்கும்னு நினைக்கறேன்க்கா. அடிச்சத்தம் இருக்கும்."

"நீ சொல்லிடு அவர்கிட்ட."

"நானா? நீ சொல்லேன்."

"நான்தான் பேசறதில்லையே" என்றாள் அக்கா. ஃபோனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அத்தான் வந்தார். இரவெல்லாம் ஈயம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்திருந்தான். முதலில் டீ கொடுப்பது. பிறகு ஏதாவது பொதுவாகப் பேசுவது. பிறகு, 'வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் அத்தான்' என்று ஆரம்பிப்பது. நல்ல பேச்சு, வெண்ணெய் மாதிரி. அத்தான் அதில் ஒரு வார்த்தையைக்கூடச் சொல்லவிடவில்லை.

"என்ன, முடிச்சியா?"

"உக்காருங்க அத்தான். டீ சாப்பிட்டுட்டு..."

"டீ குடிக்கவா வந்தேன்? பெட்டியைத் தொடவே இல்லையா நீ? அப்படியே கிடக்கு?"

"அதைப் பத்தித்தான் பேசணும்."

"பேசு, பேசு, பத்து மாசமாப் பேச்சுத்தான். உனக்கு வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, வேற ஆளைப் பார்த்துக்கறேன். சுவிட்சை மாத்தறேன்னு உள்ள போய் நல்ல பெட்டியைக் குட்டிச்சுவராக்கிட்டு, இன்னிக்குப் பேசணுமாம். ரேடியோ ரிப்பேர் பண்றவன்கிட்டக் கொண்டுவந்தது என் தப்பு!"

ஈயம் கண்ணாடியைத் துடைக்கவில்லை. அது மேஜைமேல் கிடந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

"சரி. உங்க பெட்டியை விட்டுடுவோம். கிதாரையும் விட்டுடுவோம். இந்தா பாருங்க." அலமாரியிலிருந்து சிக்னல் ஜெனரேட்டரை இழுத்து மேஜையில் வைத்தான். வைத்த வேகத்தில் திருகாணிகள் சிதறின. அதன் வயரை ஆம்ப்ளிஃபயரில் செருகினான். "இது வெறும் சத்தம். ஒரே அளவுல வரும். அடியிலேர்ந்து மேல ஏத்திக்கிட்டே போவேன். சத்தத்தோட அளவைக் காட்டற முள்ளைப் பாருங்க, அது இறங்கவே இறங்காது. கேக்கறவரைக்கும் கையைத் தூக்கி வெச்சிருங்க. யாருக்கு என்ன தெரியலைன்னு இன்னிக்குப் பார்த்துடுவோம்."

"பார்த்துடுவோம்" என்றார் அத்தான். கையைத் தூக்கினார்.

கப்பலின் சங்கு மாதிரி கனமான சத்தம் அறையை நிறைத்தது. ஈயம் குமிழைத் திருப்பினான். சங்கு புல்லாங்குழலாயிற்று. புல்லாங்குழல் விசிலாயிற்று. அத்தான் கையைத் தூக்கியபடி, வெற்றி பெறப்போகிறவரைப் போல உட்கார்ந்திருந்தார். விசில் கூர்மையானது. அத்தான் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். இன்னும் கொஞ்சம் திருப்பினான். கை தோள் அளவுக்கு இறங்கியது. இன்னும் கொஞ்சம்.

அத்தான் கையை மடியில் வைத்தார்.

"ஏன் நிறுத்திட்ட? ஏத்து."

ஈயத்தின் பல் கூசிக்கொண்டிருந்தது. முள் இருந்த இடத்தில் இருந்தது. அவன் குமிழிலிருந்து கையை எடுத்தான். எடுக்காமல் சத்தத்தை அணைத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அதற்குள் திரை விலகிவிட்டது.

"அறிவிருக்கா உங்களுக்கு! காது கிழியுது, நிறுத்துங்க அதை!" பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கையோடு வந்து நின்றாள் மனைவி. நுரை வழியும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தாள். முகம் சுருங்கியிருந்தது. நுரை அவள் முழங்கையில் ஒழுகித் தரையில் சொட்டியது.

அத்தான் அவளைப் பார்த்தார். அவள் கைகளைப் பார்த்தார். பிறகு முள்ளைப் பார்த்தார்.

ஈயம் கருவியை அணைத்தான். அணைத்தது அத்தானுக்குத் தெரியவில்லை. மனைவி கைகளை இறக்கிய பிறகுதான் தெரிந்தது.

எதிரே பேருந்து நிறுத்தத்தில் ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றி, போனது. மனைவிக்கு நடந்தது புரிந்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நிற்பதா உள்ளே போவதா என்று தெரியாமல் நின்றாள். ஈயம் சிதறிய திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டான். முப்பது, நாற்பது இருக்கும். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்தான்.

"முன்வரிசையில ஒரு பொண்ணு இப்படித்தான் காதைப் பொத்திக்கிட்டு இருந்துச்சு" என்றார் அத்தான். "ஃபோன்ல பேசுதுன்னு நினைச்சேன். ரெண்டு கையாலயும் யாராவது ஃபோன் பேசுவாங்களா?"

"அத்தான், நான் வேற மாதிரி சொல்லணும்னுதான்..."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"நேத்துத்தான்." அட்டையை அவர் பக்கம் தள்ளினான். "பத்து மாசமா நானேதான் எழுதியிருக்கேன். எனக்கே தெரியலை."

அத்தான் அட்டையை வாங்கி, அதிலிருந்த மூன்று எண்களையும் நிதானமாகப் படித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் சொன்னான். சத்தமாக இல்லை, மெதுவாக, முகத்தைப் பார்த்து. அவரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் அவர் கொஞ்ச நாளாகக் கேட்டுவருகிறார் என்பதும் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"செவ்வாய்க்கிழமைலேர்ந்து உங்க அக்கா என்கிட்டப் பேசறதில்ல. அன்னிக்கு என்னைக் கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டிருக்கா. விழுந்துட்டா குளிக்கற அறையில."

அத்தான் கண்ணை மூடித் திறந்தார். "அடடா. நான் டீ கேட்டேன்" என்றார்.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்டப் போவோம் அத்தான். இப்பல்லாம் காதுக்கு மெஷின் எவ்வளவோ நல்லா வந்திருக்கு."

"ரிப்பேருக்கு உன்கிட்டத்தானே வரணும் அதுவும்? வேண்டாம்ப்பா. டோனைக் கெடுத்துடுவ." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கையை நீட்டிக் கவரைத் தொட்டார். "இது என்ன?"

"முதல்ல இருந்தது. பத்து. ஒரிஜினல்."

"அதைப் போடு."

"அத்தான், அதைப் போட்டா உங்களுக்கு..."

"எனக்குக் கேக்காது. சாப்பிட வர்றவனுக்குக் கேக்கும்ல? போடு."

ஈயம் பெட்டியைத் திறந்தான். பற்றவைக்கும் கோல் சூடேறும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு புள்ளி இரண்டை இளக்கி எடுத்தான். பழையதன் கால்களைச் சுரண்டி, துளைகளில் நுழைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளி ஈயம். புகை நூலாக எழுந்து அத்தான் முகத்துக்குப் போனது. அவர் விலகவில்லை.

இதற்கிடையில் அவர் டிரம்மருக்கு ஃபோன் செய்தார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, முழுச் சத்தமும் வைத்து, மேஜையில் நிறுத்தினார். எதையும் சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு மேல்சத்தம் போயிடுச்சுப்பா. இவங்க மெஷின் வெச்சுப் பார்த்துட்டாங்க. நாளைக்கு பழைய சத்தம்தான் வரும், பயப்படாதே."

மறுமுனையில் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அத்தான் ஃபோனைத் தூக்கிப் பார்த்து, "கட் ஆயிடுச்சா?" என்றார். "இல்ல, லைன்ல இருக்காரு" என்றான் ஈயம்.

"என் சிம்பல் தட்டுக்குப் பக்கத்துலதானே நின்னீங்க இத்தனை வருஷம்" என்றார் டிரம்மர். "நான் காதுல பஞ்சு வெச்சுக்குவேன். உங்களையும் வெச்சுக்கச் சொன்னேன்."

"சொன்ன, சொன்ன. கேக்கலை. விடு. நாளைக்கு நான் உன் பக்கம் பார்த்து நின்னுக்கறேன். உன் கையைப் பார்த்துத்தான் எப்பவும் ஆரம்பிக்கறேன், இனிமே முடிக்கறதுக்கும் பார்க்கணும். ரிப்பீட் அடங்கினதும் தலையை ஆட்டு, அடுத்ததை எடுப்பேன்."

"சாப்பிடறவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா?"

"பாதி முதுகு."

டிரம்மர் பெருமூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது. "மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். பத்து மணிக்கு வந்துடுங்க, முன்னாடியே ஒருதடவை ஓட்டிப் பார்த்துடுவோம். லேட் பண்ணாதீங்க."

"நான் என்னிக்குடா லேட்டு?" என்று சொல்லி அத்தான் வைத்தார்.

ஈயம் பெட்டியை மூடி, நான்கு திருகாணிகளையும் முறுக்கி, கிதாரைச் செருகினான். அத்தான் குனிந்து மூன்று திருகுகளையும் ஒவ்வொன்றாகப் பின்னால் திருப்பி, வெள்ளைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். காதால் வைக்கவில்லை, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணால் வைத்தார்.

"ஏழு வரணும். எண்ணு."

தட்டினார். சத்தம் போய், களைத்துத் திரும்பி வந்தது. உண்மையிலேயே நல்ல சத்தம். இத்தனை மாதமாக அதைக் கேட்காமலிருந்தது ஈயத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. திரைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. ஒவ்வொரு தடவை அது திரும்பி வரும்போதும் அவன் ஆள்காட்டி விரலால் மேஜையில் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று வரைக்கும் அத்தான் முகத்தில் கேட்கிற களை இருந்தது. பிறகு அது போய்விட்டது. கண் மட்டும் விரலில் நின்றது. நான்கு. ஐந்து. ஆறு. ஏழாவது, இருக்கிறதா இல்லையா என்பதுபோல வந்து அடங்கியது. விரலும் நின்றது.

அறையில் சத்தமே இல்லை. அது மூன்று பேருக்கும் ஒன்றுபோல இருந்தது.

"ஏழு" என்றான் ஈயம்.

"அஞ்சாவது கொஞ்சம் லேட்டா தட்டினே" என்றார் அத்தான்.

"இல்லையே அத்தான்."

"லேட்டுதான். டைம் எனக்குத் தெரியாதா? உன் விரல்தான் தப்பு. மறுபடி."

ஈயம் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தான். பிறகு மாட்டிக்கொண்டு, விரலை மேஜையில் வைத்தான்.